நான் பறித்த அந்த ஒரு தட்டு

தம்பி,

இன்னும் மூன்று கிழமை, சரியாக இருபத்தொரு நாளில் உனக்குக் கலியாணம். நேற்றும் தொலைபேசி எடுத்து, மண்டபத்து மேசைகளுக்கு வெள்ளை விரிப்பா இளம்பச்சை விரிப்பா என்று கேட்டாய். இளம்பச்சை என்றேன். உண்மையில் நீ கேட்டது என் காதில் சரியாக விழவே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருடமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீ "இட்ஸ் ஓகே அம்மா" என்று சொல்லிப் பாதியில் என்னை மன்னித்துவிடுவாய். அப்படி மலிவாக மன்னிப்பு வாங்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைக் கேள். நான் உன்னில் பொறாமைப்பட்டேன். பெற்ற மகனில், நன்றாகத் தெரிந்துகொண்டே, மாதக்கணக்காகப் பொறாமைப்பட்டேன்.

அது எங்கே தொடங்கியது என்று உனக்குப் பாதிதான் தெரியும். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் அந்தத் தளபாடத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மேசைகளுக்கும் கதிரைகளுக்கும் மெருகு போட்டேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் எனக்கென்று நான் செய்தது என்னவென்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. உன் நீச்சல் வகுப்பு, உன் பல்லுக்குக் கம்பி, அப்பாவின் முதுகுவலி, ஞாயிறு பூசை, திரும்பவும் திங்கட்கிழமை. அப்போதுதான் ஒருநாள் என்னுடன் வேலை செய்த வோல்ற்றர், துணியில் சுற்றி ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய தகப்பனின் இரட்டைக்குழல் துவக்கின் பிடங்கு அது, சுடும்போது தோளில் வைக்கும் மரப்பகுதி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வால்நட் மரம், கறுத்து அழுக்கேறி, இரண்டு இடத்தில் நசுங்கிக் கிடந்தது. சரியாக்க முடியுமா என்று கேட்டார். ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒற்றி ஒற்றி நசுங்கலை எழுப்பினேன். பழைய எண்ணெயை எடுத்துவிட்டு, ஆறு கிழமை, உள்ளங்கையால் மட்டும் புது எண்ணெய் தேய்த்தேன். உள்ளே கிடந்த மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வோல்ற்றர் அதைத் துவக்கில் பூட்டிய பிறகு, "நீ இதைப் பார்க்க வேண்டும்" என்று ஒரு சனிக்கிழமை என்னைத் தன் துவக்குச் சுடும் சங்கத்துக்கு அழைத்தார்.

பிக்கரிங்குக்கு வடக்கே, சோளவயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இடம் உனக்கு நன்றாகத் தெரியும். அன்று எனக்கு எதுவும் தெரியாது. ஆறு பேர் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு நின்றார்கள். வோல்ற்றர் துவக்கை என் தோளில் வைத்து, கன்னத்தை மரத்தோடு சேர்க்கச் சொன்னார். தயாரானதும் "புல்" என்று கூப்பிட வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் இழு என்று அர்த்தமாம். எனக்கோ மாடு தின்னும் புல்தான் ஞாபகம் வந்தது. ஊரில் சண்டைக் காலத்தில் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்தோம் என்று உனக்கு நான் விரிவாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. கூப்பிட்டேன். செம்மஞ்சள் நிறத்தில் சின்னக் களிமண் தட்டு ஒன்று நிலத்துக்குள் இருந்த பொறியிலிருந்து எழும்பிப் பறந்தது. நான்காவது தட்டோ ஐந்தாவதோ, நடுவானத்தில் பொடியாகப் போனது. பின்னால் நின்றவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். வெடிச்சத்தம் கேட்ட பிறகு யாரும் அழாத இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அப்பா அதை விளங்கிக்கொள்ளவே இல்லை. நான் லைசன்ஸ் வகுப்புக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதை நீர் வாங்கப் போறீரோ?"

"அது ஆக்களைச் சுடுற துவக்கு. இது தட்டைச் சுடுறது," என்றேன்.

"துவக்குக்குத் தெரியுமே, எது ஆள், எது தட்டு எண்டு?"

ஆனாலும் போனேன். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அப்பா வேண்டாம் என்று சொல்லியும் நான் செய்த ஒரே காரியம் அதுதான். மெல்ல மெல்ல மூன்று துவக்குகள் சேர்ந்தன. மூன்றும் பழையவை, இரட்டைக்குழல் பக்கத்துப் பக்கமாக உள்ளவை, மரம் பாழாகி யாரும் வேண்டாமல் கிடந்தவை. இங்கிலாந்தில் செய்த மெல்லிய ஒன்று, பெல்ஜியத்தில் செய்த பாரமான ஒன்று. மூன்றாவதின் குழல்கள் மெலிந்துவிட்டதால் அதைச் சுட முடியாது. மரத்தின் அழகுக்காக மட்டும் வைத்திருக்கிறேன். அஜக்ஸில் எங்கள் வீட்டின் நிலவறையில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் அவை இருந்தன. திறப்பு என்னிடம் இருந்தது. அந்த வீட்டில் என்னிடம் மட்டும் இருந்த ஒரே திறப்பு.

ஐந்து வருடம் அது என்னுடையதாக இருந்தது. பிறகு நீ வந்தாய். உனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதல் வேலையை விட்டுவிட்டு அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் இருந்தாய். "அம்மா, ஒருக்கா நானும் வரட்டே?" என்று கேட்டாய். சந்தோஷமாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன், அதில் பொய் இல்லை. காரில் போகும்போது, உன்னை அவர்களுக்குக் காட்டுவதை நினைத்துப் பெருமையாக இருந்தது. அன்று இருபத்தைந்து தட்டில் நீ பதினைந்தை உடைத்தாய். பதினைந்துக்கு வர எனக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது. ஒவ்வொரு இளவேனிலும் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று புதிதாகக் கேட்கும் அந்த மனிதர்கள், உன் பெயரை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். உன் தோளில் தட்டினார்கள். தங்கள் மேசைக்கு உன்னைக் கூப்பிட்டு இருத்தினார்கள். நான் ஐந்து வருடமாக மூலையில் இருந்த மேசையில் என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். "பிறவித் திறமை" என்றார் ஒருவர் என்னிடம். "உனக்குப் பெருமையாக இருக்குமே?" என்றும் கேட்டார். ஓம் என்றேன். நெஞ்சுக்குள் புளித்த ஏதோ ஒன்று மேலே எழும்பி வந்தது. அது என்னவென்று அன்றே எனக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீ இங்கிலாந்துத் துவக்கைக் கேட்டபோது அது பழுது பார்க்கக் கிடக்கிறது என்று சொல்லி பெல்ஜியத்தைத் தந்தேன். அது பழுதாகவில்லை. பெல்ஜியம் பாரம், பிடங்கும் உன் நீண்ட கைக்குக் கட்டை, உனக்கு ஒத்துவராது என்று தெரிந்தே தந்தேன். நீயோ அதை வைத்துக்கொண்டு இன்னும் நன்றாகச் சுட்டாய். புதன்கிழமைப் பயிற்சி ஞாயிற்றுக்கு மாறியதை உனக்குச் சொல்லாமல் விட்டு நான் மட்டும் போனேன். அதற்கும் மேலே ஒன்று. ஒரு மாதம் நீ தொடர்ந்து இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று உடைத்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, நீ சுடேக்கை தலையைத் தூக்கிறாய். அதைக் கொஞ்சம் பார்," என்றேன். நீ தலையைத் தூக்கவில்லை. உன் கன்னம் மரத்தில் ஒட்டினமாதிரி இருந்தது. என் சொல்லை நம்பி, தலையைக் கவனிக்கத் தொடங்கி, இரண்டு கிழமை நீ கண்டபடி தவறவிட்டாய். "அம்மா, என்ன பிழை எண்டு எனக்கு விளங்கேல்லை," என்று காருக்குள் கவலையாகச் சொன்னாய். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு, "பழகப் பழகச் சரிவரும்," என்றேன். அந்த இரண்டு கிழமையும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

இனி அந்தச் செப்டெம்பர். வருடத்துக்கு ஒருமுறை, பழைய இரட்டைக்குழல் துவக்குகளுக்கு மட்டும் வைக்கும் போட்டி. ஆளுக்கு ஐம்பது தட்டு. நான் காலை அணியில் சுட்டேன். நாற்பத்து நான்கு உடைந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் சுட்டதில்லை. மத்தியானம் வரை அதை ஒருவரும் தாண்டவில்லை. சங்கத்து மண்டபத்தில் வென்றவர்களின் பெயர்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒரு பலகையில் பூட்டியிருப்பார்கள். நான் உள்ளே போய் அந்தப் பலகையில் அடுத்ததாக வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசி அணியில் நீ நின்றாய். உங்களுக்கு உடைந்த தட்டுகளை எண்ண வேண்டியவர் சோளம் அவிக்குமிடத்தில் நின்றதால், நான் எண்ணுகிறேன் என்று சொல்லி அந்த உயரக் கதிரையில் ஏறினேன். யாரும் குறை சொல்லவில்லை. தாய் மகனுக்கு எண்ணினால் ஒன்றைக் கூட்டிப் போடுவாளே தவிரக் குறைக்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

நாற்பத்தொன்பது தட்டு முடிந்தபோது உன் கணக்கு நாற்பத்து நான்கு. என்னுடையதும் அதுவே. அணியில் மற்றவர்கள் சுட்டு முடித்துத் துவக்கை மடித்துக்கொண்டு நின்றார்கள். வோல்ற்றர் உனக்குப் பக்கத்தில் நின்றார். நீ கூப்பிட்டாய். தட்டு இடதுபக்கமாகத் தாழப் பறந்தது. நீ சுட்டாய். அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டு, சுண்டுவிரல் நகமளவு, வெயிலில் செம்மஞ்சளாக மின்னிப் பிரிந்து விழுந்தது. மிச்சத் தட்டு முழுசுபோல் போய்ப் புல்லில் இறங்கியது. கண்ணுக்குத் தெரிய ஒரு துண்டு பிரிந்தால் உடைந்ததாகத்தான் கணக்கு. அது சங்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நான் கண்ணால் கண்டேன். கண்டுகொண்டே, "லொஸ்ட்" என்று கத்தினேன். தவறிவிட்டது என்று.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ அந்தத் துண்டைக் கண்டாயா, இல்லை துவக்கின் உதைப்பில் கண் மூடிவிட்டாயா, அதுவும் தெரியாது. நீ மறுத்திருக்கலாம், மறுத்திருந்தால் மற்றவர்களையும் கேட்டிருப்பார்கள். நீ மறுக்காமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாய். எங்கள் இருவருக்கும் சமநிலை, இனி நேருக்கு நேர் சுட வேண்டும் என்று அறிவித்தார்கள். நீ துவக்கை மடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "அம்மாவே எடுக்கட்டும்," என்று தமிழிலும், பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாய். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க எழும்பி உனக்குக் கைதட்டியது. கிண்ணம் என் கையில் இருந்தது, கைதட்டு உனக்கு. களவெடுத்தும் நான் வெல்லவில்லை, தம்பி. அந்த நிமிடத்திலும் எனக்கு வந்தது வெட்கமில்லை. இதிலும் இவன் என்னை முந்திவிட்டானே என்ற எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்கு வரும்போது நீதான் கார் ஓட்டினாய். "நல்லாச் சுட்டனீங்கள் அம்மா," என்றாய். அடுத்த மாதம் உனக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது. அதன்பிறகு நீ அந்த இடத்துக்கு வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் நேரமில்லை என்றாய். அதற்குள் கடைவாசலில் இலவசமாகக் கிடக்கும் இந்தத் தமிழ்ப் பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. நான் கிண்ணத்தோடு, நீ என் தோளில் கைபோட்டபடி. துவக்குச் சுடுதலில் வென்ற தமிழ்த் தாய் என்று எழுதியிருந்தார்கள். கோயிலில் பார்க்கிற அன்ரிமார் எல்லாம், "மகன் விட்டுக்குடுத்தவராமே, என்ன அருமையான பிள்ளை," என்று உன்னையே புகழ்ந்தார்கள். பொய் இதே பக்கத்தில் வந்ததால்தான் மெய்யையும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

அதற்கடுத்த வருடம் நான் தனியாகப் போட்டிக்குப் போனேன். ஐம்பதில் முப்பத்தொன்றுதான் உடைந்தது. ஒவ்வொரு தட்டும் உடையும்போது நான் குறி பார்ப்பதை விட்டுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணும் கதிரையில் ஏறச் சொன்னார்கள். முழங்கால் நோகிறது என்று சொல்லி மறுத்தேன்.

உன் கலியாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் முதல்தடவை வாசித்த கிழமை, நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் இளம் ஆள், ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் உடைந்த தட்டை உடையவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன் என்றதும், அந்தப் பக்கத்திலிருந்து அவர் தடுப்புக்குக் கிட்டக் குனிந்தார்.

"சாப்பாட்டுத் தட்டோ அம்மா?" என்று கேட்டார்.

முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ. கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதை உங்கடை மகனிட்டைச் சொன்னீங்களோ?"

"இல்லை, சாமி."

"அப்ப ஏன் முதலிலை என்னட்டை வந்தனீங்கள்?"

பாவமன்னிப்புத் தந்தார், செபமும் சொல்லச் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு காருக்குள் ஏறி வீடுவரை வந்தது. உன்னிடம் சொல்லுவதற்கு முன் பலகையில் இருக்கும் பொய்யை எடுக்க வேண்டும், வெறுங்கையோடு உன்னிடம் வரக்கூடாது என்று நினைத்தேன். வோல்ற்றர்தான் இப்போது சங்கத்தின் செயலாளர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் துண்டைத் தானும் கண்டதாகச் சொன்னார். பிறகு ஏன் அன்று பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். தாய் ஒருத்தி தன் மகனுக்கு எதிராக அப்படிச் சொன்னால் அதற்கு நல்ல காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தாராம். நான் உனக்கு ஏதோ படிப்பிக்கிறேன் என்று இரண்டு வருடமாக நம்பியிருக்கிறார். தாய் என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய களவையும் ஒளித்துவைக்கலாம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

பழைய விஷயம், விட்டுவிடு என்றார். நான் விடவில்லை. போன ஞாயிறு, உறுப்பினர்கள் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கும்போது எழும்பி நின்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசித் தட்டு உடைந்தது. நான் கண்டேன். என் மகன் என்னை வென்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னேன். ஒருவர் எழும்பி வெளியே போனார், இன்றுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி நான் எந்தப் போட்டியிலும் எண்ணக்கூடாது என்று தீர்மானம் எடுத்தார்கள். சரியான தீர்மானம்.

மதுரா உன்னைவிடக் கெட்டிக்காரி. நீயே பெருமையாகச் சொல்லுகிறாய். அவள் நெருப்பு மாதிரி வேலை செய்கிறாள், எங்கே போனாலும் ஆட்கள் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருநாள் ஏதோ ஒரு விருந்தில் எல்லோரும் அவளோடு கதைத்துக்கொண்டிருக்க, நீ கையில் கோப்பையோடு மூலையில் நிற்பாய். அப்போது உனக்குள்ளும் அந்தப் புளிப்பு எழும்பலாம். எழும்பினால் நீ கெட்டவன் என்று நினைக்காதே. அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே, காருக்குள், "எனக்கு உன்னிலை எரிச்சலாக் கிடந்தது," என்று சொல்லிவிடு. அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் கோபிப்பாள். இரண்டும் பரவாயில்லை. அந்தப் பதினைந்து தட்டை நீ உடைத்த முதல் நாளே நான் உன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால், நீ என்னைக் கேலி செய்திருப்பாய், நான் உன் தலையில் ஒரு குட்டுப் போட்டிருப்பேன். பெல்ஜியம் வந்திருக்காது, தலையைத் தூக்குகிறாய் என்ற பொய் வந்திருக்காது. இரண்டு வருடம் நீ ஒட்டாவாவில் இருந்து நேரமில்லை என்று சொல்லியிருக்கவும் மாட்டாய்.

புதன்கிழமை தகடு வந்தது. வோல்ற்றர் சின்னத் திருகாணியைக் கழற்றி என் பெயரை எடுத்து என் கையில் தந்துவிட்டு, அந்த இடத்தில் உன் பெயரைப் பூட்டினார். எனக்குள் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் பக்கத்தில் நின்றேன். பித்தளையில் உன் பெயர் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தபோது என்ன வந்தது தெரியுமா, தம்பி? திரும்பவும் அதே எரிச்சல்தான். கொஞ்சமும் குறையவில்லை. அது எனக்குள் இருக்கப்போகிறது போலிருக்கிறது. நீ இனி அதைத் தெரிந்துகொண்டு என்னோடு பழகு.

உனக்குச் செப்டெம்பரில் விடுமுறை கிடைக்கும் என்று மதுரா சொன்னாள். அவளையும் கூட்டிக்கொண்டு வா. நானும் நீயும் ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். எண்ணுவதற்கு வேறு யாராவது ஏறட்டும். உன்னில் எனக்கு அன்பு இருக்கிறதா என்று நீ சந்தேகப்பட வேண்டாம். ஆனால் விட்டுக்கொடுக்கிற எண்ணத்தோடு வராதே. நான் உன்னை வெல்லத்தான் வருவேன்.

அம்மா